ஹாங்காங்கின் தனியார் ஆங்கிலப் பள்ளிகள்: காசு இருந்தவர்கள் படித்த இடமா, சீட்டு கிடைக்காதவர்கள் படித்த இடமா?

ஹாங்காங் எப்படி முன்னேறியது என்று பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் பள்ளிக்கூடத்தை இழுத்துவிடுவார். “வெள்ளைக்காரன் காலத்துலயே அங்க பாதிப் பேர் பிரைவேட் இங்கிலீஷ் ஸ்கூல்தான் சார்!” தகவல் என்ற அளவில் இதில் உண்மை இருக்கிறது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே உயர்நிலை வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தனியார் பள்ளிகளில்தான் படித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலவழி என்ற பெயரில் நடந்தவை. ஆனால் இதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

நம் ஊரில் தனியார் ஆங்கிலப் பள்ளி என்றாலே ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது: வசதியான குடும்பம், நல்ல கட்டடம், அரசுப் பள்ளியைவிட ஒரு படி மேல் என்ற மதிப்பு. காலனி ஆட்சிக்கால ஹாங்காங்குக்கு அந்தப் படம் பொருந்தாது. அங்கே அரசு உதவி இல்லாத தனியார் ஆங்கிலப் பள்ளி என்பது பெரும்பாலும் இரண்டாவது தேர்வு. வேறு இடம் கிடைக்காதவர்கள் போன இடம். ஏன் அப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று வகைப் பள்ளிகள்

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே மூன்றுதான். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால் அப்படி. எல்லாப் பள்ளியையும் தானே நடத்தாமல், மிஷனரிகளும் மற்றவர்களும் நடத்தும் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்து ஓட்டுவது என்பது பிரிட்டிஷ் அரசு பல காலனிகளில் கையாண்ட வழி. இந்தியாவில் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையோடு அது வந்தது. ஹாங்காங்கில் 1873இல் வந்தது.

அரசுப் பள்ளி என்றால் அரசே கட்டி, அரசே ஆசிரியர் போட்டு நடத்துவது. 1862இல் தொடங்கிய மத்தியப் பள்ளி இதில் பேர்பெற்றது. பிற்பாடு அது குயின்ஸ் காலேஜ் ஆனது. அதன் முதல் தலைமை ஆசிரியரான ஃபிரெடரிக் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் 1873இல் உதவித்தொகைத் திட்டத்தையும் கொண்டுவந்தவர்.

உதவி பெறும் பள்ளி என்றால் நடத்துவது சர்ச்சோ ஒரு சங்கமோ. செலவில் பெரும்பங்கு அரசுடையது. தொடக்கத்தில் இந்தப் பணம் தேர்வு முடிவைப் பொறுத்து, தலைக்கு இவ்வளவு என்று வந்தது. மத போதனைக்கு விதித்திருந்த கட்டுப்பாடு பிடிக்காமல் கத்தோலிக்கர்கள் முதலில் ஒதுங்கி நின்றார்கள். 1879இல் விதி தளர்ந்ததும் உள்ளே வந்தார்கள். நாளடைவில் கணக்கு மாறியது. அரசு ஒப்புக்கொண்ட செலவில் கட்டணமாக வருவதைக் கழித்து, மீதியை அரசு தரும் என்றானது. டயோசிசன் ஆண்கள் பள்ளி, செயின்ட் ஜோசப் காலேஜ் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் இந்த வகை. பெயரைப் பார்த்தால் தனியார் போலத் தோன்றும். ஆனால் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணத்தில் வந்தது.

மூன்றாவதுதான் நம் கதை. அரசின் அன்றாட உதவி எதுவும் இல்லாத தனியார் பள்ளி. வாடகை, சம்பளம், கரும்பலகை, சாக்பீஸ் எல்லாமே மாணவர் கட்டும் மாதக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஹாங்காங்கில் இருந்த பிரிட்டிஷ் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள் அல்ல. அவர்களுக்குத் தனியாகப் பள்ளிகள் இருந்தன. கவுலூனில் உள்ள ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளி அப்படி ஒன்று. அது அரசே நடத்திய பள்ளி. 1967இல் ஆங்கிலப் பள்ளிகள் அறக்கட்டளை என்ற அமைப்பு உருவானபோது அதற்கும் அரசுப் பணம் போனது. ஆக, நாம் பேசும் தனியார் ஆங்கிலப் பள்ளி என்பது வீட்டில் கான்டனீஸ் பேசும் சீனக் குழந்தைகள், சீனர் நடத்திய இடத்தில், ஆங்கிலப் பாடப்புத்தகம் வைத்துப் படித்த பள்ளி. அரசு ஆவணங்களில் ஆங்கில–சீனப் பள்ளிகள் என்று குறிப்பிட்டது இப்படி ஆங்கிலத்தில் பாடம் நடத்தி, சீனத்தையும் ஒரு பாடமாக வைத்த பள்ளிகளைத்தான். அதில் அரசுடையதும் உண்டு, உதவி பெறுவதும் உண்டு, தனியாரும் உண்டு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: யார் நடத்துகிறார் என்பதைவிட யார் பணம் கொடுக்கிறார் என்பதுதான் பள்ளியின் தரத்தையும் மதிப்பையும் முடிவு செய்தது.

தீபாவளி டிக்கெட் கணக்கு

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயிலில் முன்பதிவு கிடைத்துவிட்டால் கட்டணம் குறைவு, படுக்கை வசதி, நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கிடைக்காதவர் என்ன செய்வார்? கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நின்று, சாதாரண நாளில் கல்யாண கோஷ்டிக்கு ஓடும் ஏதோ ஒரு பழைய பேருந்தில், இரண்டு மடங்கு கொடுத்து, நடு சீட்டில் ஒடுங்கிப் போவார். அதிகம் கொடுத்தவர் அவர்தான். வசதி குறைவாக அனுபவித்தவரும் அவர்தான்.

ஹாங்காங் பள்ளிகளிலும் இதுதான் நடந்தது. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் கட்டணம் குறைவு, கட்டடம் நல்லது, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் இடங்கள் கொஞ்சம். ஆறாம் வகுப்பு முடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். 1962 முதல் 1977 வரை அதற்குப் பெயர் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. சீனம், ஆங்கிலம், கணக்கு என மூன்று பாடம். அதில் மேலே வந்தவருக்கு அரசுப் பண இடம். அடுத்த சிலருக்குத் தனியார் பள்ளியிலேயே அரசு கட்டணம் கட்டிய இடம். மற்றவர்கள் கையிலிருந்து கொடுத்துத் தனியாரில் சேரலாம், இல்லையென்றால் வேலைக்குப் போகலாம்.

பிளாஸ்டிக் பூ செய்யும் ஆலையும் துணி ஆலையும் ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேலைக்குப் போவதா, கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்குப் போவதா என்பது பல வீடுகளில் அந்தக் கோடையில் பேசி முடிக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

இடம் ஏன் இவ்வளவு குறைவு?

மக்கள்தொகையைப் பார்த்தால் புரியும். 1945இல் ஜப்பானியர் சரணடைந்தபோது ஹாங்காங்கில் சுமார் 6 லட்சம் பேர். சீனாவில் உள்நாட்டுப் போர், பிறகு 1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். எல்லை தாண்டி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1950 வாக்கில் 20 லட்சத்தைத் தாண்டியது. 1961 கணக்கெடுப்பில் 31 லட்சம். வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் குடும்பங்கள். குடிசைப் பகுதிகளிலும், அரசு கட்டிய ஏழு மாடிக் குடியிருப்புகளிலும் குழந்தைகள் நிறைந்திருந்தார்கள்.

அரசு முதலில் ஆரம்பப் பள்ளியில் கவனம் வைத்தது. கட்டியது போதாமல், காலையில் ஒரு பள்ளி, மதியம் அதே கட்டடத்தில் இன்னொரு பள்ளி என்று ஓட்டினார்கள். அந்த ஏழு மாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடியில்கூடத் தொண்டு நிறுவனங்கள் வகுப்பு நடத்தின. உயர்நிலைக் கல்வி அதற்குப் பிறகுதான் என்பது அரசின் வெளிப்படையான கொள்கை. 1965ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை, ஆரம்பப் பள்ளி முடிப்பவர்களில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்கு மட்டும் அரசுப் பண இடம் தந்தால் போதும் என்று இலக்கு வைத்தது. வெள்ளை அறிக்கை என்றால் அரசு தன் கொள்கை முடிவை அறிவிக்கும் ஆவணம். நூற்றுக்கு மீதி 80 பேர் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு அரசு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சந்தை பதில் சொன்னது.

ஏன் ஆங்கிலம்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இன்னொரு இடம் இது. ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று காலனி அரசு தனியார் பள்ளிகளுக்கு உத்தரவு போடவில்லை. எந்த மொழியில் நடத்துவது என்பது பள்ளியின் விருப்பம். சீனவழித் தனியார் பள்ளிகளும் நிறைய இருந்தன. 1950களில் அவற்றுக்குக் கணிசமான கூட்டம் இருந்தது.

ஆனால் உத்தரவு போடாமலே ஒரு பக்கம் தள்ள முடியும். 1974 வரை ஹாங்காங்கில் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி. குமாஸ்தா வேலைக்கு ஆங்கிலம். வங்கிக்கு, கப்பல் கம்பெனிக்கு, ஏற்றுமதி வியாபாரத்துக்கு ஆங்கிலம். 1912இல் வகுப்புகள் தொடங்கிய ஹாங்காங் பல்கலைக்கழகம் முழுக்க ஆங்கிலவழி. சீனவழி படித்தவர்கள் முன்பெல்லாம் மேற்படிப்புக்குச் சீனாவுக்குப் போவார்கள். 1949க்குப் பிறகு அந்தப் பாதை பலருக்கு அடைபட்டது. சீனமொழியை அடிப்படையாகக் கொண்ட சீனப் பல்கலைக்கழகம் 1963இல்தான் வந்தது. அதற்குள் பெற்றோர்கள் மனதில் முடிவெடுத்துவிட்டார்கள். 1960களில் ஆங்கிலவழி வெகுவாக முந்தியது. 1980களில் உயர்நிலை மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆங்கில–சீனப் பள்ளிகளில் இருந்தார்கள்.

கட்டணத்தை நம்பி ஓடும் பள்ளிக்கு இதில் வேறு வழியே கிடையாது. அரசுப் பள்ளி மொழிக் கொள்கை பற்றி யோசிக்கலாம். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளியின் முதலாளி, அடுத்த செப்டம்பரில் எத்தனை பேர் சேருவார்கள் என்று மட்டும்தான் யோசிப்பார். வாசல் பலகையில் ‘ஆங்கிலம்’ என்று எழுதாவிட்டால் பெஞ்ச் காலி.

சுருக்கமாக: அரசு இடத்தைக் குறைவாக வைத்தது, வேலைச் சந்தை ஆங்கிலத்தைக் கேட்டது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தனியார் ஆங்கிலப் பள்ளி முளைத்தது.

உள்ளே எப்படி இருந்தது?

எல்லாத் தனியார் பள்ளியும் ஒன்று அல்ல. இரண்டு வகை உண்டு. லாப நோக்கம் இல்லாதவை ஒன்று: சர்ச்சோ சங்கமோ நடத்துவது, மிச்சம் வந்தால் பள்ளிக்கே போகும். இவற்றுக்கு அரசு குறைந்த விலையில் நிலமும் வட்டியில்லாக் கடனும் தந்ததுண்டு. ஆகவே உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாதாமாதம் வரும் பணம்தான் இல்லை. இன்னொரு வகை, வெளிப்படையாகவே வியாபாரமாக நடத்தியது. இவற்றைத்தான் உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கூடக் கடை என்று கிண்டல் செய்தார்கள்.

இந்த இரண்டாவது வகையை மனதில் கொண்டுவர, பள்ளி வளாகம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். கீழே கடை, மேலே வீடுகள் இருக்கும் கட்டடத்தில் இரண்டு மூன்று தளங்கள். ஒடுங்கிய படிக்கட்டு. பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த வகுப்புகள். பக்கத்து வகுப்பின் வரலாறும் இந்த வகுப்பின் கணக்கும் சேர்ந்தே காதில் விழும். மைதானம் கிடையாது. கவுலூன் நகர்ப் பக்கம் என்றால், காய் டாக் விமான நிலையத்தில் இறங்கும் விமானம் கூரைக்கு மேலே உறுமிப் போகும்வரை ஆசிரியர் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். ஒரே அறையைக் காலையில் ஒரு கூட்டமும் மதியம் இன்னொரு கூட்டமும் பயன்படுத்தினால் வாடகை கட்டுப்படியாகும். ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளை கூடுதலாக உட்கார்ந்தால் லாபம். பள்ளியின் பொருளாதாரம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆசிரியர் விஷயத்திலும் இதே கணக்கு. ஹாங்காங் சட்டப்படி ஆசிரியர்களில் இரண்டு நிலை உண்டு. தகுதியோடு பதிவு பெற்ற ஆசிரியர் ஒருவர். பயிற்சி இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு பள்ளியில் குறிப்பிட்ட பாடம் நடத்த மட்டும் அனுமதி வாங்கியவர் இன்னொருவர்; இவரை அனுமதி ஆசிரியர் என்பார்கள். சம்பளம் குறைவு என்பதால் தனியார் பள்ளிகள் இந்த இரண்டாவது வகையினரைத்தான் அதிகம் நம்பியிருந்தன. அதில் அருமையானவர்களும் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. சீனாவிலிருந்து வந்து, தன் பட்டத்தை ஹாங்காங் அரசு ஏற்காததால் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல வேலை கிடைத்ததும் நடுவருடத்தில் போய்விடுபவர்களும் உண்டு.

சரி, பாடம் உண்மையிலேயே ஆங்கிலத்தில் நடந்ததா? பாதிதான். புத்தகம் ஆங்கிலம், தேர்வுத்தாள் ஆங்கிலம், கரும்பலகையில் எழுதுவதும் ஆங்கிலம். வாயில் வருவது கான்டனீஸ். ஒளிச்சேர்க்கைப் பாடம் என்றால், இலை எப்படி வெளிச்சத்தை வாங்குகிறது என்பதைக் கான்டனீஸில் சொல்லிவிட்டு, நடுநடுவே ‘ஃபோட்டோசிந்தசிஸ்’, ‘குளோரோஃபில்’ என்று ஆங்கிலச் சொற்களைச் செருகுவார்கள். மாணவர் புத்தகத்தில் ஆங்கில வரிகளுக்கு இடையே பென்சிலால் சின்னச் சின்னச் சீன எழுத்துகள். வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டி எழுதிக்கொண்ட அர்த்தங்கள். பிறகு விடையை ஆங்கிலத்தில் மனப்பாடம். அரசுப் பணம் பெற்ற பள்ளிகளிலும் இது இருந்தது. தனியாரில் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் ஆங்கிலவழி என்று போர்டு வைத்து, ‘இந்த ஈக்குவேஷன எப்படி பேலன்ஸ் பண்றோம்னா’ என்று நடத்தும் வகுப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் முடித்ததும் எழுதும் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு ஆங்கிலவழியில் படித்த எல்லோருக்கும் ஒன்றே. குயின்ஸ் காலேஜ் மாணவரும் மாடிப் பள்ளி மாணவரும் அதே தாளைத்தான் எழுதினார்கள். அதில் ஆங்கிலமும் கணக்கும் தேறிவிட்டால், எந்தப் படிக்கட்டு ஏறிப் படித்தாய் என்று எந்த முதலாளியும் பெரிதாகக் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வில் தவறவிட்ட பிள்ளைக்கு, பதினேழு வயதில் இன்னொரு வாய்ப்பைக் காசுக்கு விற்ற இடங்கள் இவை. அந்த இரண்டாவது வாய்ப்பை அரசு தரவில்லை என்பதை மறந்துவிட்டு இந்தப் பள்ளிகளைத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பணம் தராத அரசு, பிடியை விட்டதா?

இல்லை. 1913இலேயே கல்விச் சட்டம் போட்டு, தனியார் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளியும் பதிவு செய்ய வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். பேரரசிலேயே இவ்வளவு இறுக்கமான சட்டம் அப்போது அபூர்வம். சீனாவில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சி முடிந்த கையோடு வந்தது என்பதைக் கவனித்தால் காரணம் தெரியும். மாடிப் பள்ளிகளில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற பயம்.

கட்டடம் பாதுகாப்பானதா, தீ பிடித்தால் வெளியேற வழி உண்டா, ஆசிரியர் பதிவு பெற்றவரா என்பதெல்லாம் சோதனைக்கு வரும். இதில் நல்லதும் உண்டு. ஆனால் 1949க்குப் பிறகு இந்தச் சட்டம் அரசியலுக்கும் பயன்பட்டது. பெய்ஜிங் பக்கம் சாய்ந்த பள்ளிகள் சில இருந்தன. சீனவழியில் நடந்தவை, அரசு உதவி கிடையாது, கூடவே கண்காணிப்பு வேறு. பூய் கியூ என்ற அப்படிப்பட்ட பள்ளியின் முதல்வர் 1958இல் ஹாங்காங்கிலிருந்தே வெளியேற்றப்பட்டார். தனியார் என்றால் சுதந்திரம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மறுதிசையில், பதிவும் நல்ல பெயரும் இருந்தால் உதவிப் பட்டியலுக்கு ஏறவும் முடிந்தது. 1919இல் பீட்டர் சுய் என்ற சீன ஆசிரியர் ஹாலிவுட் சாலையில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தனியாராகத் தொடங்கிய வா யான் கல்லூரி, சில ஆண்டுகளிலேயே அரசு உதவி பெற்றது. 1932இல் இயேசு சபையினர் பொறுப்பேற்றார்கள். இன்று அது நகரின் பேர்பெற்ற பள்ளிகளில் ஒன்று. ஆனால் வா யானைக் காட்டி எல்லாத் தனியார் பள்ளியும் அப்படித்தான் என்று சொல்லக்கூடாது. பட்டியலில் ஏறியவை கொஞ்சம்.

அரசு இடத்தை விலைக்கு வாங்கிய கதை

1971இல் ஆரம்பக் கல்வி இலவசமானது. 1974ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை, அதற்கு மேல் மூன்று ஆண்டுகளும் எல்லோருக்கும் என்றது. ஆளுநர் மெக்லஹோஸ் அதை 1978லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நுழைவுத் தேர்வும் அதோடு போயிற்று. அறிவிப்பு எளிது, ஆனால் அத்தனை பேருக்கும் பள்ளி எங்கே?

இங்கேதான் வாங்கிய இடம் என்ற ஏற்பாடு பெரிதாக வந்தது. தனியார் பள்ளியில் இருக்கும் இடங்களை அரசு தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கி, அதில் தன் கணக்கில் பிள்ளைகளைச் சேர்ப்பது. நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்துக்கு அரசு கட்டணம் கட்டுகிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைக்கட்டும் என்று தனியாருக்கு அனுப்புகிறோம். அங்கே நல்ல பள்ளிகள் நிரம்பிவிட்டதால் மீதிப் பேரைத் தனியாருக்கு அனுப்பினார்கள். இலவசம் என்று வந்த பிறகும், யாருக்கு மைதானம், யாருக்கு மாடிப்படி என்ற வேறுபாடு தொடர்ந்தது. பெற்றோர் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அது தற்காலிக ஏற்பாடு என்பது அரசுக்கும் தெரியும். ஷா டின், டுவென் முன் போன்ற புதுநகரங்களில் உதவி பெறும் பள்ளிகளைக் கட்டக் கட்ட, வாங்கும் இடங்களைக் குறைத்தார்கள். பிறப்பு விகிதமும் குறைந்தது. லாபத்துக்கு நடத்திய பள்ளிகள்தான் முதலில் கை கழுவப்பட்டன. வாடகை ஏறும் நகரத்தில், பிள்ளைகள் குறைந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். 1980களில் அவை ஒவ்வொன்றாக மூடின.

இப்போது ‘தனியார்’ என்றால்

1988இல் கல்வி ஆணையம் ஒரு யோசனை சொன்னது. இடம் வாங்குவதை நிறுத்துவோம். தரமான தனியார் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்து, கட்டணமும் வசூலிக்கவிடுவோம். 1991இல் இது நேரடி மானியத் திட்டமாக வந்தது. முதலில் சேர்ந்தவற்றில், இவ்வளவு காலம் ஒரு காசும் வராமல் கண்காணிக்கப்பட்ட அந்த பெய்ஜிங் சார்புப் பள்ளிகளும் இருந்தன. 1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த காலம் அது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2002இல் செயின்ட் பால் இருபாலர் கல்லூரியும் 2003இல் டயோசிசன் ஆண்கள் பள்ளியும் உதவி பெறும் வரிசையை விட்டு இதே திட்டத்துக்கு மாறின. அவை நல்ல கட்டணம் வாங்குகின்றன. நாம் கற்பனை செய்யும் அந்த விலை உயர்ந்த ஆங்கிலப் பள்ளி ஹாங்காங்கிலும் இன்று உண்டுதான். ஆனால் அதன் பூர்வீகம் அரசுப் பணத்தில் வளர்ந்த மிஷன் பள்ளி. மாடிக் கட்டடத்துத் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பழைய மாணவர் சங்கம் மட்டும்தான் மிச்சம்.

ஆகவே 1960களில் படித்த ஒரு ஹாங்காங்காரர் “நான் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன்” என்று சொன்னால், அவர் அப்பா பணக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையாவது மாடி என்று கேட்டுப் பாருங்கள்.